கழுவாத கண்ணாடி

இது நடந்த வரிசை எனக்கு முழு நிச்சயம் இல்லை. சொன்னவர் இரண்டு தடவை சொன்னார். முதல் தடவை கூட்டம் செவ்வாய்க்கிழமை நடந்தது. இரண்டாம் தடவை அதே கூட்டம் வியாழக்கிழமைக்குப் போய்விட்டது. அன்று மழை பெய்ததா இல்லையா என்பதிலும் தடுமாறினார். நானும் கேட்டு வெகுநாள் ஆகிவிட்டதால், என் பங்குக்கும் கொஞ்சம் மாறியிருக்கலாம். ஆனால் அந்தக் கூட்டத்தில் தான் என்ன சொன்னார், எதைச் சொல்லாமல் விட்டார் என்பதில் மட்டும் இரண்டு தடவையும் ஒரு சொல் பிசகவில்லை. அதை நம்பித்தான் சொல்கிறேன்.

அவர் ரசாயனக்காரர். கந்தகத்தையும் நைட்ரஜனையும் ஒன்றாகக் கட்டிவைப்பது அவர் வேலை. இரண்டுக்கும் ஒத்துப்போகாது. பெரியவர்கள் பேச்சுக்குக் கட்டுப்பட்டு மணவறையில் உட்கார்ந்த ஜோடி மாதிரி, எப்போது எழுந்து ஓடலாம் என்று பார்த்துக்கொண்டே இருக்கும். நைட்ரஜனுக்குத் தன் இனத்தோடு சேர்ந்து காற்றாகிப் போவதில்தான் நிம்மதி. அப்படிப் போகும்போது சத்தமில்லாமல் போகாது.

முதலில் கிடைப்பது ஆரஞ்சு நிறப் பொடி. நான்கு கந்தகம், நான்கு நைட்ரஜன். குளிரில் வெளிறும், சூட்டில் சிவக்கும். உலோகக் கரண்டியால் சுரண்டினால் வெடிக்கும். கொஞ்சம் அழுக்கோடு இருந்தால் அடங்கிக் கிடக்கும். சுத்தம் செய்யச் செய்ய முன்கோபம் ஏறும். இதைக் கேட்டுவிட்டு அவருடைய மச்சான் ஒருநாள், "உங்க பக்கத்து ஆளுங்க மாதிரியே இருக்கே" என்றார்.

அந்தப் பொடியை வெற்றிடத்தில் இளஞ்சூடாக்கி, ஆவியை வெள்ளி இழைப் பஞ்சின் ஊடே விட்டால் மூலக்கூறு பாதியாக உடையும். இரண்டு கந்தகம், இரண்டு நைட்ரஜன். சர்க்கரைத் துகள் போல வெள்ளைப் படிகம். இது அதைவிட மோசம். அறைச் சூட்டில் அரை நாள் தாங்காது. ஆனால் கண்ணாடிக் குழாயில் அடைத்து, பனிக்கட்டித் தொட்டியில் ஆடாமல் அசையாமல் ஆறு வாரம் வைத்திருந்தால், ஒவ்வொரு மூலக்கூறும் பக்கத்திலிருப்பதன் கையைப் பிடித்துச் சங்கிலியாகும். வெள்ளை நீலமாகும், நீலம் கறுக்கும், கறுப்பு பொன்னாகும். பேச்சுக்குப் பொன் இல்லை, பார்வைக்கே பொன். ஒரு துளி உலோகம் இல்லாமல் உலோகம் போல மின்சாரம் கடத்தும்.

அந்தப் பொன்னில் விரல்நகம் நீளத்துக்கு, விரிசல் இல்லாமல், ஒரே ஓர் ஊசி வேண்டும். அதில் கம்பி வைத்து அளக்க வேண்டும். அதற்காகத்தான் நிறுவனம் அவருக்கு மூன்று வருடம் கொடுத்திருந்தது. இரண்டரை வருடம் போயிருந்தது. இரண்டு தடவை முயன்று, இரண்டு தடவையும் ஆறாவது வாரத்தில் தும்பு தும்பாக, நார் நாராக நொறுங்கிப் போயிருந்தது.

மச்சான் என்று சொன்னேனே, அவர் ரசாயனக்காரரின் மனைவிக்கு உடன்பிறந்த அண்ணன். அதே நிறுவனத்தில் கண்ணாடி ஊதுகிறவர். ஆய்வுக்கூடத்தின் பின்கட்டில் அவர் பட்டறை. ஊதா நிறக் கண்ணாடி போட்டுக்கொண்டு, வாயில் ரப்பர் குழலைக் கவ்வி, இரண்டு கையாலும் குழாயைத் தீயில் உருட்டிக்கொண்டே இருப்பார். கையுறை போடமாட்டார். "கையில்லாம கண்ணாடி பேச்சுக் கேக்காது" என்பார். வலது கட்டைவிரலில் ஒரு தீக்காயத் தழும்பு, ரேகைகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும். வீட்டுக்கு வந்தால் தங்கை புருஷன் என்ற மரியாதைக்கு "வாங்க மாப்பிள்ளை" என்பார். பட்டறையில் அந்த மரியாதையெல்லாம் கிடையாது. "வாய்யா மாப்பிள்ளை, இன்னிக்கு எதை உடைச்சுட்டு வந்திருக்க?" என்பதுதான் வரவேற்பு.

பட்டறைக்கு ஒரு வழக்கம் உண்டு. கண்ணாடி செய்து, சூளையில் ஆறவைத்து, கையில் கொடுப்பதோடு ஊதுகிறவர் வேலை முடிந்தது. அதில் உள்ளும் புறமும் அவர் கை பட்டிருக்கும். படாமல் செய்ய முடியாது. வாங்கிக்கொண்டு போகிறவர் அமிலத் தொட்டியில் ஒரு நாள் ஊறப்போட்டு, பலமுறை அலசி, அடுப்பில் ஒரு நாள் உலர்த்தி எடுக்க வேண்டும். தொட்டி அறையின் சுவரில் அட்டை ஒன்று மாட்டியிருந்தது: 'பயன்படுத்துகிறவரே கழுவ வேண்டும்.' அதை எழுதி மாட்டியதே ரசாயனக்காரர்தான். புதிதாக வந்த ஒருவர் கழுவாத குடுவையை எடுத்துப் போய்ப் பரிசோதனையைக் கெடுத்த கோபத்தில் எழுதியது.

மூன்றாவது முயற்சி தொடங்கியபோது, திட்டத்தைத் தொடரலாமா என்று தீர்மானிக்கும் குழு வருவதற்கு ஏழு வாரம் இருந்தது. ஆறு வாரம் படிகத்துக்கு. மிச்சம் ஒரு வாரம் அளப்பதற்கு. கணக்கு இழுத்துப் பிடித்தால்தான் சரியாக இருந்தது. கழுவி உலர்த்திய குழாயை அடுப்பிலிருந்து எடுக்கும்போது அதன் கழுத்தில் ஒரு மயிரிழை விரிசல் தெரிந்தது. எடுத்துக்கொண்டு பட்டறைக்கு ஓடினார்.

மச்சான் பழைய கழுத்தை வெட்டிவிட்டுப் புதுக் கழுத்து ஒட்டினார். ஆறிய பிறகு உள்ளே கட்டைவிரலை விட்டு, சுற்றிலும் தடவிப் பார்த்தார்.

"எங்கயும் பிசிறு இல்ல. இந்தா. தொட்டியில போட்டுடு, உள்ள கை வச்சிருக்கேன்."

"நேரமில்ல மச்சான். அசிட்டோன் ஊத்தி அலசிக்கிறேன்."

"அலசறது வேற, கழுவறது வேற மாப்பிள்ளை."

"ரெண்டு நாள் போயிடும்."

"என் தங்கச்சி வீட்டுல ஒரு டம்ளரைக் கழுவாம கவுத்து வச்சுப் பாரு. நாலு நாள் பேச்சு இருக்காது."

"அவகிட்ட சொல்லிடாதீங்க."

"நான் ஏன் சொல்றேன்? உன் குழாய், உன் பாடு."

அசிட்டோனும் அடியில்தான் ஓடியது, கழுத்து வரை ஏறவில்லை. அன்று சாயங்காலத்துக்குள் வெள்ளிப் பஞ்சைச் சூடாக்கி, ஆவியை உள்ளே விட்டு, குழாயை உருக்கி மூடிவிட்டார்.

மறுநாள் காலை பனிக்கட்டித் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். குழாயின் அடியில் வெள்ளைப் படிகங்கள் அழகாகப் படிந்திருந்தன. கழுத்தின் உள்பக்கத்தில் கருநீலத்தில் ஒரு கட்டைவிரல் ரேகை. அச்சடித்த மாதிரி, சுழி சுழியாக, நடுவில் குறுக்குத் தழும்போடு. விரலின் எண்ணெய்ப் பிசுக்கு எங்கெல்லாம் ஒட்டியிருந்ததோ அங்கெல்லாம் ஆவி போய் உட்கார்ந்து, அங்கேயே சங்கிலியாகி நீலமாகியிருந்தது. இப்படி ஒன்றை அவர் அதுவரை கண்டதில்லை. பட்டறைக்குப் போய் மச்சானைக் கையோடு இழுத்து வந்தார்.

மச்சான் ஊதாக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார்.

"அட, நான்தான். திருடப் போனா மாட்டிக்குவேன் போல."

"நில்லுங்க, ஒரு படம் எடுத்துக்கறேன்."

"எடு, எடு. உன் படிகம் வரலைன்னாலும் என் விரலாவது வந்துச்சுன்னு போடு."

இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். படத்தை ரசாயனக்காரர் அச்செடுத்துக் கோப்பில் வைத்தார். விளையாட்டுக்கு எடுத்த படம். ஆவியின் குணத்தைக் காட்ட என்றைக்காவது உதவும் என்று வைத்துக்கொண்டார்.

ஆறாவது வாரம் முடியும்போது படிகம் பொன்னாக மின்னியது. வெளியே எடுத்து முனையில் மெல்லத் தொட்டதும் பிளந்து தும்பாகிவிட்டது. முன்பு இரண்டு தடவை ஆனது போலவே.

குழு வந்தது. நீளமான மேசை, தண்ணீர் பாட்டில்கள், வெளியிலிருந்து வந்த மூன்று பேர். நடுவில் இயக்குநர் அம்மாள். அவர் கோபக்காரர் இல்லை; ஆனால் கேள்விக்கு விடை வரும்வரை பேனாவைக் கீழே வைக்கமாட்டார். பின்வரிசையில் பணிமனைக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். கடைசி நாற்காலியில் மச்சான், இஸ்திரி போட்ட சட்டையோடு.

"மூணு தடவை ஒரே மாதிரி நொறுங்கியிருக்கு" என்றார் இயக்குநர். "தோக்கறது தப்பில்ல. ஏன் தோத்தோம்னு தெரியாம நாலாவது தடவை எப்படி அனுமதிக்கறது? காரணம் தெரியுமா, தெரியாதா?"

தெரியாது. அதுதான் உண்மை. தெரியாது என்று சொன்னால் அன்றோடு திட்டம் முடிந்தது, அவருடைய வேலையும் முடிந்தது. கோப்பைப் புரட்டினார். கைரேகைப் படம் கையில் வந்தது. அதைத் தேடித்தான் புரட்டினாரா, தானாக வந்ததா என்று பிற்பாடு அவருக்கே தீர்மானமாகச் சொல்லத் தெரியவில்லை. எடுத்து மேசையில் வைத்தார்.

"குழாயோட உள்பக்கம் கண்ணாடிப் பட்டறையில கை பட்டிருக்கு. ஆவி அங்க போய் ஒட்டியிருக்கு."

ஒவ்வொரு சொல்லும் மெய். படம் கைக்குக் கை மாறியது. வெளியாள் ஒருவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"அப்ப பட்டறையிலிருந்து கண்ணாடி சுத்தமா வரலையா?"

"வரலை."

இதுவும் மெய்தான். எந்தக் காலத்திலும் எந்தப் பட்டறையிலிருந்தும் கண்ணாடி சுத்தமாக வந்ததில்லை. அடுத்து ஒரு வாக்கியம் பாக்கியிருந்தது: கழுவ வேண்டியவன் நான். அதைத்தான் விட்டேன் என்று அவர் என்னிடம் சொன்னார்.

இயக்குநர் பின்வரிசையைப் பார்த்தார். "இது உங்க விரலா?"

மச்சான் எழுந்து நின்றார். "ஆமாங்க. என்னோடதுதான்."

"இதைப் பத்தி ஏதாவது சொல்லணுமா?"

மச்சான் ரசாயனக்காரரைப் பார்த்தார். முறைப்பு இல்லை, கெஞ்சல் இல்லை. கண்ணாடி இளகும் பதத்துக்காகத் தீயைப் பார்த்துக்கொண்டிருப்பாரே, அந்தப் பார்வை. மேலே மின்விசிறி கடகடத்துக்கொண்டிருந்தது. ரசாயனக்காரர் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகினார், மறுபடி மூடினார்.

"இல்லைங்க" என்று சொல்லிவிட்டு மச்சான் உட்கார்ந்தார்.

இரண்டு வாரத்தில் உத்தரவு வந்தது. திட்டத்துக்கு இன்னும் ஒரு வருடம். இனிமேல் குழாய்கள் வெளியிலிருந்து ஆயத்தமாக வாங்கப்படும். பட்டறை மூடப்படும். ஊதுகிறவருக்குப் பண்டகசாலையில் இடம் உண்டு. மச்சான் பண்டகசாலைக்குப் போகவில்லை. தன் ஊதாக் கண்ணாடியையும் இரண்டு இடுக்கிகளையும் ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு, வாசலில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு போனார். "வர்றேன் மாப்பிள்ளை, நல்லபடியா பண்ணுங்க" என்றார். பண்ணுங்க என்றார். அத்தனை வருடத்தில் அந்தக் கட்டடத்துக்குள் அவர் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

வீட்டில் மனைவி ஒரு மாதம் ஒன்றும் கேட்கவில்லை. அவள் துணி மடித்துக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்டாள்.

"அண்ணன் செஞ்சு குடுக்கற கண்ணாடியை யார் கழுவணும்?"

"ஏன் கேக்கற?"

"உங்க சட்டைக் கையில எல்லாம் பொடிப்பொடி ஓட்டை. ஆசிட் தெறிச்சதுன்னு நீங்கதான் சொல்லியிருக்கீங்க. கழுவறப்பதானே தெறிக்கும்?"

அவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

"அண்ணன்தான் சொல்லிக் குடுத்தார்னு நினைக்காதீங்க. அவர் வாயே திறக்கலை. நான் கேட்டதுக்கு, 'வயசாயிடுச்சு, கை நடுங்குது, அதான் விட்டுட்டேன்'னார். அவர் கையா நடுங்குது?" ஒரு சட்டையை எடுத்து உதறினாள். "நான் உங்களைத்தான் கேக்கறேன்."

"என் வேலையே போயிருக்கும்."

"அது தெரியும். நான் கேட்டது அதை இல்ல."

மடித்த துணிகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். சண்டை போட்டிருந்தால் அவருக்குத் தேவலாம் போலிருந்தது. அவள் சண்டை போடவில்லை. சாப்பாடு நேரத்துக்கு வந்தது. கேட்டதற்குப் பதில் வந்தது. கேட்காததற்கு எதுவும் வரவில்லை.

நான்காவது முயற்சிக்கு வெளியிலிருந்து வாங்கிய குழாயை இரண்டு முறை கழுவினார். கையுறைக்கு மேல் கையுறை போட்டுக்கொண்டு அடைத்தார். கண்ணாடியில் எந்தக் கறையும் எழவில்லை. ஆறாவது வாரம் படிகம் பொன்னானது. தொட்டதும் தும்பானது.

அந்த இடத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மத்தியானம் முழுக்க அங்கேயே இருந்தார். அவருக்கு முன்னால் பனிக்கட்டித் தொட்டி. மேலே கட்டிகள் மிதந்தன. மேல்மட்டத்தில் தொங்கிய வெப்பமானி எப்போதும் போலப் பூஜ்யம் காட்டியது. வெகுநேரம் கழித்து எழுந்து, வெப்பமானியைக் கயிற்றோடு இறக்கி அடிமட்டத்தில் விட்டார். நாலு டிகிரி.

பனிக்கட்டி மிதக்கும், நாலு டிகிரித் தண்ணீர்தான் எல்லாவற்றையும்விடக் கனம், அது அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். பள்ளிக்கூடப் பாடம். படிகங்கள் இருந்தது அடியில். அவை அந்த நாலு டிகிரிச் சூட்டில் அவசரப்பட்டுச் சங்கிலியானதால் உள்ளே இழுவை தாங்காமல் பிளந்திருக்கின்றன. நான்கு தடவையும் அதே தொட்டி. நான்கு தடவையும் கட்டி அள்ளிப் போட்டது அவர் கை. மச்சானின் விரலுக்கும் அந்த நொறுங்கலுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

கழுவாமல் விட்டது தன் தப்பு என்பது முன்பே தெரியும். ஆனால் தப்பு யாருடையதாக இருந்தாலும், கண்ணாடியில்தான் கோளாறு என்று உள்ளுக்குள் நம்பிக்கொண்டிருந்தார். அந்தச் சின்ன ஊன்றுகோலும் அன்று போனது.

இயக்குநருக்கு ஒரு கடிதம் எழுதினார். பையில் வைத்துக்கொண்டார். ஒரு வாரம் பையில் இருந்தது. தொட்டிக்குள் தண்ணீரைச் சுற்றவிடும் சிறிய பம்பு ஒன்றை மாட்டினார். கடிதம் பையிலேயே இருந்தது. ஐந்தாவது முயற்சியைத் தொடங்கினார். இது வரட்டும், பிறகு சொல்லலாம். வந்த பிறகு சொன்னால் பேச்சுக்கு ஒரு கனம் இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஆறு வாரம் போனது. ஊசி வந்தது. விரல்நகத்தைவிடக் கொஞ்சம் நீளம், ஒரு விரிசல் இல்லை. ஆய்வுக்கூடமே வந்து எட்டிப் பார்த்தது. இயக்குநர் கைகுலுக்கினார். கையை விடுவித்துக்கொண்டு அன்றே மச்சானைப் பார்க்கப் போனார்.

கடைகளுக்கு ஒளிரும் பெயர்ப்பலகை செய்கிற ஒரு சின்னப் பணிமனையில் மச்சான் வேலைக்குச் சேர்ந்திருந்தார். ஒடுக்கமான தெரு. ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. சுவர் நெடுகக் கண்ணாடி எழுத்துகள் ஆணியில் தொங்கின. மச்சான் ஒரு மெல்லிய குழாயைத் தீயில் வாட்டி, தரையில் விரித்த காகிதத்தில் வரைந்திருந்த வளைவுக்குத் தக்கபடி வளைத்துக்கொண்டிருந்தார்.

"வாங்க மாப்பிள்ளை. உக்காருங்க. தங்கச்சி நல்லாயிருக்காளா?"

"இருக்கா." ஸ்டூலில் உட்கார்ந்தார். "ஊசி வந்துடுச்சு மச்சான்."

"கேள்விப்பட்டேன். ரொம்ப சந்தோஷம்."

"நாலாவது தடவை கழுவின குழாயிலயும் நொறுங்குச்சு. தப்பு கண்ணாடியில இல்ல. ஐஸ் தொட்டியில. அடியில நாலு டிகிரி இருந்திருக்கு."

"ஐஸ் போட்டது யாரு?"

"நான்தான்."

மச்சான் தலையை ஆட்டினார். குழாயை மறுபடி தீயில் காட்டினார். அது இளகும்வரை உருட்டினார்.

"அன்னிக்கு நீங்க ஏன் சொல்லல மச்சான்? கழுவ வேண்டியது நான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..."

"தங்கச்சி புருஷனைச் சபையில வச்சுக் காட்டிக் குடுக்கச் சொல்றீங்களா?" வளைவைக் காகிதத்தின் மேல் வைத்துப் பார்த்தார். சரியாக உட்கார்ந்தது. "அதுவும் முழுசா நிஜமில்ல. நீங்களே சொல்லுவீங்கன்னு பார்த்துக்கிட்டு இருந்தேன். கூட்டம் முடியற வரைக்கும் பார்த்தேன். வெளியில வந்து படிக்கட்டுலயும் கொஞ்ச நேரம் நின்னேன்."

ரசாயனக்காரர் அன்று வேறு வழியாக, பின்வாசலில் இறங்கிப் போயிருந்தார்.

"இப்பப் போய்ச் சொல்லிடறேன். கடிதம் எழுதி வச்சிருக்கேன்."

"குடுங்க. வேணாம்னு நான் ஏன் சொல்லணும்? ஆனா எனக்காகன்னு குடுக்காதீங்க. பட்டறைச் சுவரை இடிச்சு அங்க மேசை நாற்காலி அடுக்கியிருக்காங்களாம். சூளை பழைய இரும்புக்குப் போயிடுச்சு."

"மச்சான், என்னை..."

"கொஞ்சம் தள்ளி உக்காருங்க மாப்பிள்ளை. சூடு படும்."

அவர் தள்ளி உட்கார்ந்தார். மச்சான் அடுத்த எழுத்தை எடுத்தார். இரண்டு எழுத்து முடியும்வரை அங்கேயே இருந்துவிட்டு, சொல்லிக்கொண்டு கிளம்பினார். மச்சான் வாசல் வரை வந்தார். ஷட்டரைத் தூக்கிப் பிடித்தார். தலை இடிக்கும், குனிந்து போங்க என்றார்.

மறுநாள் காலை கடிதம் இயக்குநர் கைக்குப் போனது. அவர் நின்றபடியே படித்தார், பிறகு உட்கார்ந்து இன்னொரு முறை படித்தார்.

"இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமே" என்றார்.

"சொல்லியிருக்கலாம்."

"இப்ப நான் இதை வச்சுக்கிட்டு என்ன பண்ண?"

இயக்குநர் கடிதத்தைக் கோப்பில் சேர்த்துவிட்டு, அடுத்து வந்தவரை உள்ளே கூப்பிட்டார்.

ரசாயனக்காரருக்கு அந்த வருடக் கடைசியில் வேலை நிரந்தரமானது. ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தார். கந்தக நைட்ரஜன் பக்கம் பிறகு போகவில்லை. இயக்குநர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனார். பட்டறை மறுபடி திறக்கப்படவில்லை. மச்சான் ஒன்பது வருடம் பெயர்ப்பலகை எழுத்துகள் செய்தார். பிறகு கண் மங்கியதால் நிறுத்திக்கொண்டார். தங்கை வீட்டுக்கு விசேஷங்களுக்கு வந்தார், சாப்பிட்டார், கடைசிவரை மாப்பிள்ளையை நீங்க என்றே பேசினார். நுரையீரல் கெட்டு இறந்தார். அவர் தங்கை அதற்கப்புறம் பன்னிரண்டு வருடம் புருஷனோடு ஒரே வீட்டில் வாழ்ந்தாள். கண்ணாடியை யார் கழுவணும் என்ற கேள்வியை அவள் மறுபடி கேட்கவில்லை, அவரும் பதில் சொல்லவில்லை.